நினைவேந்தல் கூட்டத்தில் கைதட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரங்கல் கூட்டம், படத்திறப்பு, நினைவேந்தல் என எது நடந்தாலும் ஏற்பாடு செய்பவர்களிடமும் மேடையில் மைக் பிடிப்பவர்களிடமும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. வீட்டுத் துக்கத்தையும் ஈமச்சடங்கையும் பற்றி இதில் பேசவில்லை. பலரும் வந்து கூடும் பொது நினைவுக் கூட்டங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

இரங்கல் கூட்டத்துல கைதட்டினா தப்பா?

எப்போதுமே தப்பு என்று சொல்ல முடியாது. அந்தக் கைதட்டல் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். இறந்தவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லும்போது அவருக்காகத் தட்டினால் அதுவும் அஞ்சலிதான். பேசுகிறவரின் அடுக்குமொழிக்கோ, மேடையேறிய பிரமுகருக்கோ தட்டினால் கூட்டம் யாருக்காகக் கூடியதோ அவர் ஓரமாகப் போய்விடுகிறார். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு அளவுகோலிலிருந்துதான் வருகின்றன.

சாவு எப்படி நேர்ந்தது, எத்தனை நாளாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 90 வயது வாழ்ந்து முடித்த ஆசிரியரின் படத்திறப்பில் பழைய மாணவர்கள் கைதட்டினால் யாருக்கும் உறுத்தாது. விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அதே கைதட்டல் அவரைக் குத்தும். முடிவெடுக்கத் தெரியாவிட்டால் முன்வரிசையைப் பாருங்கள். குடும்பத்தார் தட்டினால் சேர்ந்து தட்டலாம். அவர்கள் தலைகுனிந்து இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

இரங்கல் கூட்டம், படத்திறப்பு, நினைவேந்தல், வீரவணக்கம்... எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. இறந்த சில நாட்களுக்குள் நடப்பது இரங்கல் கூட்டம். துக்கம் பச்சையாக இருக்கும் நேரம் என்பதால் ஓசை குறைவாக இருப்பதே நல்லது. பதினாறாம் நாளையோ முப்பதாம் நாளையோ ஒட்டி நடக்கும் படத்திறப்பில் அழுகையும் பெருமையும் கலந்திருக்கும். ஓராண்டு கழித்து நடக்கும் நினைவேந்தலில் பெருமைதான் மேலோங்கும்; அங்கே கைதட்டல் பெரும்பாலும் இயல்பாகவே பொருந்தும்.

வீரவணக்கக் கூட்டம் தனி வகை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்ட 44 பேருக்கு ஆண்டுதோறும் அதே நாளில் அஞ்சலி செலுத்தும்போது முழக்கம் எழுகிறது. ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாள் கூட்டங்கள் முழுமையான அரசியல் பொதுக்கூட்டங்களாகவே நடக்கின்றன. அங்கே குரல் எழுப்புவதே மரியாதை. யாரும் முகம் சுளிப்பதில்லை. அழைப்பிதழில் கூட்டத்தின் வகையைத் தெளிவாகப் போட்டுவிட்டால் வருகிறவர்கள் அதற்கேற்ற மனநிலையோடு வருவார்கள். ‘இரங்கல் கூட்டம்’ என்று அச்சடித்துவிட்டு மேடையில் மாநாடு நடத்தினால்தான் குழப்பம்.

நம்ம ஊர்ல சாவுன்னாலே பறையும் வெடியும்தானே? கூட்டத்துல மட்டும் ஏன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்?

நியாயமான கேள்வி. பறை, ஒப்பாரி, ஆட்டம், வெடி என்று ஓசையோடு வழியனுப்புவது இந்த மண்ணின் வழக்கம். நிறைவாக வாழ்ந்து போனவருக்குக் ‘கல்யாணச் சாவு’ என்று சொல்லி ஊரே கூடி எடுக்கும். சாவில் சத்தம் போட்டால் அவமரியாதை என்று யாராவது சொன்னால், அது நம் வழக்கம் தெரியாத பேச்சு. எழுந்து நின்று கடிகாரம் பார்த்து மௌனம் காக்கும் முறை பின்னால் வந்தது. முதல் உலகப்போர் நின்ற ஓராண்டு நிறைவில், 1919 நவம்பர் 11 அன்று, பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கேட்டுக்கொண்டபடி பேரரசு முழுக்க இரண்டு நிமிடம் அமைதி காத்தார்கள். அங்கிருந்து பரவியதுதான் இது.

ஆனால் பறைக்கும் ஒழுங்கு உண்டு. சாவுக்கென்று தனி அடி இருக்கிறது. கல்யாணத்துக்கு அடிப்பதை அங்கே அடிப்பதில்லை. எப்போது ஓங்கி அடிப்பது, எப்போது நிறுத்துவது என்பது அடிப்பவருக்குத் தெரியும். பொதுக்கூட்டத்தில் நாலு ஊரிலிருந்து வந்து கூடியவர்களுக்கு அப்படி ஒரு பொது ஒழுங்கு இல்லை. அதை நிகழ்ச்சி நிரல்தான் தர வேண்டும். இவ்வளவு நேரம் மௌனம், இந்த இடத்தில் பறை, இந்த இடத்தில் முழக்கம் என்று பிரித்து வைத்தால் இரண்டு மரபும் ஒரே மேடையில் நிற்கும்.

மௌன அஞ்சலியைச் சரியா எப்படி நடத்தறது? எங்க கூட்டத்துல பத்து வினாடியிலயே சலசலப்பு வந்துடுது.

ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ போதும். காந்தி கொல்லப்பட்ட ஜனவரி 30 அன்று காலை 11 மணிக்கு நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம் காக்கப்படுகிறது. சைரன் உள்ள இடங்களில் 10.59 முதல் 11.00 வரை ஒலிக்கும். முடிந்ததைத் தெரிவிக்க 11.02 முதல் 11.03 வரை மறுபடி ஒலிக்கும். தொடக்கமும் முடிவும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிவதால் அங்கே குழப்பம் வருவதில்லை. சலசலப்பு வரும் கூட்டங்களில் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் தெளிவாக இருக்காது.

மைக் செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லி ஐந்து நிமிடம் முன்பே பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். நெறியாளர் மைக்கைத் தவிர மற்றவற்றை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடையில் யாரோ இருமுவது ஊருக்கே கேட்கும். ஜெனரேட்டரைப் பந்தலுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். நெறியாளர் மூன்றே வாக்கியம் சொன்னால் போதும்: “செல்பேசிகளை அணைத்துவிடுங்கள். முடிந்தவர்கள் எழுந்து நில்லுங்கள், முடியாதவர்கள் அமர்ந்தே இருக்கலாம். இப்போது ஒரு நிமிடம் மௌனம் காப்போம்.” பிறகு கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மனதுக்குள் எண்ணினால் பெரும்பாலும் அரை நிமிடத்திலேயே முடித்துவிடுவோம். கவனித்தவர்களுக்கு அது அவசரமாகப் படும். புகைப்படக்காரர்கள் மேடை முன் குனிந்து நடப்பதையும் அந்த ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

முடிக்கும் விதம்தான் முக்கியம். நெறியாளர் உற்சாகமான குரலில் “நன்றி!” என்று சொல்லிவிட்டு அடுத்தது என்ன என்று தாளைப் புரட்டினால், அந்த வெற்றிடத்தில் யாராவது நாலு பேர் கைதட்டிவிடுவார்கள். தவறான எண்ணத்தில் இல்லை, என்ன செய்வது என்று தெரியாமல்தான். “அமருங்கள்” என்று தாழ்ந்த குரலில் சொல்லி, உடனே அடுத்த நிகழ்வைத் தொடங்கிவிட வேண்டும். பாடகரோ பறைக்குழுவோ மௌனம் தொடங்கும்போதே தயாராக நிற்பது நல்லது.

படத்தைத் திறக்கும்போது எல்லாரும் கைதட்டறாங்களே, அது?

அந்தக் கணத்தில் எழும் கைதட்டல் இறந்தவரின் முகத்தைப் பார்த்து எழுவது. தடுக்க வேண்டியதில்லை. திரை விலகியதும் எல்லாரும் எழுந்து நிற்பது, பிறகு ‘புகழ் ஓங்குக’ என்று ஒருமுறை முழங்குவது, பிறகு மலர் தூவுவது என்ற வரிசை பல ஊர்களில் நன்றாகப் பொருந்துகிறது.

கெடுவது திரையால்தான். படத்துக்கு முன்பே மாலை போட்டு அதன்மேல் துணியைப் போர்த்தினால், இழுக்கும்போது துணி மாலையில் சிக்கும். பிரமுகர் இழுக்க, துணி வராமல், கூட்டத்தில் சிரிப்பு வரும். மாலையைத் திறந்த பிறகு போடுங்கள். வழவழப்பான துணியாக எடுங்கள், ஆணியில் மாட்டாதீர்கள், கூட்டத்துக்கு முன் இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள்.

பேச்சாளர் நல்லா பேசும்போது கை தன்னால வந்துடுது. அடக்கிக்கணுமா?

உங்களைக் குறை சொல்ல மாட்டோம். மேடைப் பேச்சு வளர்ந்த ஊர் இது. எந்த இடத்தில் குரலை ஏற்றி எந்த இடத்தில் நிறுத்தினால் கை வரும் என்று பேச்சாளருக்குத் தெரியும். நிறுத்தம் விட்டால் கேட்பவர் கை தானாகவே போகும். ஆகவே பொறுப்பு முதலில் பேச்சாளருடையது. நினைவுக் கூட்டத்தில் பேசுகிறவர் அந்த நிறுத்தத்தை விடாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட வேண்டும். தனக்கு வரும் கைதட்டலைக் கையைத் தாழ்த்திக் காட்டி அமர்த்தலாம்.

இன்னொன்று, விளிக்கும் பட்டியல். “மாண்புமிகு... அவர்களே, ஆற்றல்மிகு... அவர்களே” என்று பேச்சாளர் பத்துப் பெயரை அடைமொழியோடு அடுக்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் அவரவர் ஆட்கள் விசிலடிப்பார்கள். பெயர் விடுபட்டவரின் ஆட்கள் முணுமுணுப்பார்கள். ஆறு பேச்சாளர்கள் இருந்தால் இது ஆறு முறை நடக்கும். அழைக்கும்போதே பேச்சாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: “குடும்பத்தாருக்கும் அவையோருக்கும் வணக்கம்” என்று மட்டும் சொல்லித் தொடங்கட்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே தேவையற்ற ஆரவாரம் பெருமளவு குறைந்துவிடும்.

நெறியாளரே “ஒரு பலத்த கரவொலி கொடுங்க”ன்னு கேக்கறாரே?

கேட்கவே கூடாது. தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. கேட்டு வாங்கிய கைதட்டலில் அஞ்சலி இல்லை. ஒருவர் பேசி முடித்ததும், அவர் சொன்னதில் இறந்தவரைப் பற்றிய ஒரு வரியை எடுத்துச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தால் போதும்.

பேச்சாளர் வேடிக்கையான சம்பவம் சொன்னா சிரிக்கலாமா?

தாராளமாக. இறந்தவரின் குணத்தைக் காட்டும் சம்பவத்துக்கு வரும் சிரிப்பு பல நேரம் குடும்பத்தாருக்கே ஆறுதலாக இருக்கும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். சம்பவத்தை முன்கூட்டியே குடும்பத்தில் ஒருவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். தற்கொலை, கொலை, விபத்து ஆகியவற்றால் நேர்ந்த சாவு என்றால் முதல் கூட்டத்தில் வேண்டாம்.

முழக்கம் போடறதுக்கு ஏதாவது முறை இருக்கா?

இருக்கிறது. யார் எடுத்துக் கொடுப்பது என்று ஒருவரை முன்பே முடிவு செய்யுங்கள். ‘வீரவணக்கம்’, ‘செவ்வணக்கம்’, ‘புகழ் ஓங்குக’ போல இறந்தவரை நோக்கியவை மட்டும் போதும். மூன்று முறை சொன்னால் நிறைவாக இருக்கும். படத்திறப்பின்போதும் கூட்டத்தின் முடிவிலும் இடம் கொடுங்கள். மௌனத்தின்போதும் குடும்பத்தார் பேசும்போதும் கூடாது.

நியாயம் கேட்கும் முழக்கம் தனி. ஆணவக் கொலையிலோ காவல் நிலையத்திலோ உயிர் போயிருந்தால், கூட்டம் அமைதியாகவே இருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அங்கே கோபமும் அஞ்சலியின் பகுதிதான். குடும்பத்தார் விரும்புகிறார்களா என்பதை மட்டும் கேளுங்கள். இருவர் முரண்பட்டால் என்ன செய்வது என்பதற்குக் கீழே தனிப் பதில் இருக்கிறது.

சோகத்தின் நடுவே மகிழ்ச்சி முழக்கம் எழுந்து, அது பொருத்தமாகவும் இருந்த தருணம் ஒன்று பலருக்கும் நினைவிருக்கும். 2018 ஆகஸ்ட் 8 அன்று கலைஞர் மு. கருணாநிதியின் உடல் ராஜாஜி அரங்கத்தில் வைக்கப்பட்டிருந்தபோது, மெரினாவில் அடக்கம் செய்யலாம் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. திரண்டிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள்; மு.க. ஸ்டாலின் கைகூப்பியபடி உடைந்து அழுதார். அந்த ஆரவாரம் முழுக்க முழுக்க இறந்தவருக்கானது. அண்ணாவின் பக்கத்தில் அவருக்கு இடம் கிடைத்ததற்கானது.

தலைவர் வரும்போது வாழ்க கோஷம், பட்டாசு, பொன்னாடை... இதை எப்படித் தவிர்க்கறது?

வரும் நேரத்திலும் வரும் வழியிலும்தான் தீர்வு. கூட்டம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே தலைவர் வந்து அமர்ந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கூட்டத்தின் நடுவே நடந்து வரும் பாதையை விட்டு, மேடைக்குப் பக்கவாட்டு வழியாக அழைத்து வாருங்கள். தாமதமாக வந்தால் பேசிக்கொண்டிருப்பவரை நிறுத்தாதீர்கள், “இதோ வந்துவிட்டார்” என்று மைக்கில் அறிவிக்காதீர்கள். அவர் முதலில் படத்துக்கு மலர் தூவட்டும், பிறகு குடும்பத்தாரிடம் போகட்டும், பிறகு மேடை ஏறட்டும். அந்த வரிசையைப் பார்த்தாலே பின்னால் வரும் கூட்டம் குரலைத் தாழ்த்தும்.

பொன்னாடை வேண்டாம் என்று உதவியாளரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மேடையில் வைத்துச் சொன்னால் சங்கடம். ஃப்ளெக்ஸில் இறந்தவர் படத்தைவிடத் தலைவர் படம் பெரிதாக இருந்தால், கூட்டம் யாருக்குக் கைதட்ட வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்று பொருள்.

கைதட்ட வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடலாமா? சொன்னா கோபப்படுவாங்களோ?

சொல்லலாம், சொல்ல வேண்டும். வெறுமனே ‘கூடாது’ என்றால் கோபம் வரும். எப்போது தட்டலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வராது. தொடங்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “உரைகளுக்கு இடையே கைதட்டலையும் விசிலையும் தவிர்க்கும்படி குடும்பத்தார் சார்பில் கேட்டுக்கொள்கிறோம். நிறைவில் அனைவரும் எழுந்து நின்று ஒன்றாகக் கரவொலி எழுப்பி அவருக்கு விடை கொடுப்போம்.” அன்பைக் காட்ட ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் மக்கள் காத்திருப்பார்கள்.

அழைப்பிதழின் அடியில் ஒரு வரி, நுழைவாயிலில் ஒரு பலகை, முதல் நிமிடத்தில் ஓர் அறிவிப்பு. தாமதமாக வருகிறவர்களுக்காக அரை மணி நேரம் கழித்து ஒருமுறை மறுபடி சொல்லுங்கள். ‘குடும்பத்தார் சார்பில்’ என்ற சொற்களை விடாதீர்கள். ஏற்பாட்டாளர் கேட்பதைவிடக் குடும்பம் கேட்பதற்குத்தான் மதிப்பு.

சொல்லியும் கேக்கல. நடுவுல விசில் பறக்குது. அப்ப என்ன பண்றது?

மைக்கில் திட்டாதீர்கள். திட்டினால் பின்வரிசைக்கு அது விளையாட்டாகிவிடும். பேச்சாளர் சற்று நிறுத்தி, இறந்தவரின் படத்தைத் திரும்பிப் பார்த்தபடி நிற்கட்டும். அதிலேயே அடங்கும் கூட்டங்கள் உண்டு. அடங்காவிட்டால், அந்தப் பகுதி ஆட்களுக்குத் தெரிந்த உள்ளூர் நிர்வாகி ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இதற்காகவே தொண்டர்களை மேடைக்கு அருகில் குவிக்காமல் பின்வரிசையிலும் ஓரங்களிலும் நிறுத்தி வைப்பது நல்லது.

எல்.இ.டி. திரை இருந்தால் அதில் கூட்டத்தைக் காட்டாதீர்கள். தங்கள் முகம் திரையில் தெரிந்ததும் கையசைத்துக் கத்துவது மனித இயல்பு. பேச்சாளர் முகமும் இறந்தவர் படமும் மட்டும் மாறி மாறி வரட்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சில நேரம் கூச்சல் நெரிசலின் அறிகுறி. 2018-இல் ராஜாஜி அரங்கத்தில் அஞ்சலி செலுத்தத் திரண்ட கூட்ட நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். தடுப்பு வேலிப் பக்கமிருந்து அலறல் வந்தால் நிகழ்ச்சியின் கண்ணியத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உடனே நிகழ்ச்சியை நிறுத்தி, பின்னால் இருப்பவர்களைப் பின்வாங்கச் சொல்லி, பக்கவாட்டு வழிகளைத் திறந்துவிடுங்கள்.

ஒபாமா பேசின அஞ்சலிக் கூட்டத்துலயே ஆரவாரம் பண்ணாங்களே, அது சரியா?

அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் டூசான் அருகே 2011 ஜனவரி 8 அன்று நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. 9 வயதுச் சிறுமி உள்பட ஆறு பேர் இறந்தார்கள். கிஃபோர்ட்ஸ் தலையில் குண்டடிபட்டுப் பிழைத்தார். ஜனவரி 12 அன்று அரிசோனா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கில் நடந்த அஞ்சலியில் ஒபாமா பேசினார். அரங்கில் கரவொலியும் சீழ்க்கையும் அடிக்கடி எழுந்தன. இது அஞ்சலியா, தேர்தல் கூட்டமா என்று அங்கேயே பலர் கேட்டார்கள்.

எங்கள் கருத்து இது. கிஃபோர்ட்ஸ் முதன்முறையாகக் கண் திறந்தார் என்று ஒபாமா சொன்னபோது எழுந்த ஆரவாரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. நாலு நாள் அடக்கி வைத்த பயம் அப்படித்தான் வெளியே வரும். அவரைக் காப்பாற்ற ஓடிய 20 வயது மாணவரைப் பாராட்டி எழுந்ததும் அப்படியே. பிரமுகர்கள் பெயர் சொல்லப்பட்டபோது எழுந்த சீழ்க்கை வேறு ரகம். ஆனால் அதில் கூட்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. வழக்கமாகக் கூச்சலிடும் விளையாட்டரங்கு, பெருமளவு மாணவர்கள், நாற்காலிதோறும் ஒரு வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட் என்று எல்லாமே ஆரவாரத்துக்கு அழைத்தன. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி நடத்தையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். கட்சி மாநாடு நடக்கும் திடலில் இரங்கல் கூட்டம் வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பிடிக்காத தலைவர் அஞ்சலி செலுத்த வந்தா எதிர்ப்புக் குரல் கொடுக்கலாமா?

2013 டிசம்பர் 10 அன்று ஜோகன்னஸ்பர்க் விளையாட்டரங்கில் மண்டேலாவுக்கு நடந்த அஞ்சலியில் மக்கள் மழையில் நனைந்தபடி போராட்டப் பாடல்களைப் பாடி ஆடினார்கள். அது அவருக்கு ஏற்ற அஞ்சலி. அதே கூட்டம், அப்போதைய குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமாவின் முகம் திரையில் வரும்போதெல்லாம் எதிர்ப்புக் கூச்சல் போட்டது. நிகழ்ச்சியை நடத்திய சிரில் ராமபோசா ஒழுங்கு காக்கும்படி கேட்க வேண்டியதாயிற்று. மக்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் அன்றைய செய்தியில் மண்டேலாவுக்குப் பக்கத்தில் ஜூமா வந்து உட்கார்ந்துகொண்டார்.

இன்னும் கடுமையான விளைவும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில செனட்டர் பால் வெல்ஸ்டோன் 2002 அக்டோபர் 25 அன்று விமான விபத்தில் இறந்தார். நாலு நாளில் நடந்த அஞ்சலியில் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவருக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. நண்பர் ஒருவர் தேர்தலில் வெற்றி தேடித் தரச் சொல்லி முழங்கினார். மாநில ஆளுநர் ஜெஸ்ஸி வென்ச்சுரா எழுந்து வெளியேறினார். நவம்பர் 5 தேர்தலில் வெல்ஸ்டோனுக்குப் பதிலாக நின்ற வால்டர் மாண்டேல் தோற்றார். அந்தக் கூட்டமும் ஒரு காரணம் என்று அன்று பலர் பேசினார்கள். எதிர்ப்பைக் காட்டியே தீர வேண்டும் என்றால் அவர் பேசும்போது எழுந்து வெளியே போங்கள், அல்லது கறுப்புத் துணி அணிந்து அமைதியாக இருங்கள். அந்தச் சாவுக்கே அவர்தான் பொறுப்பு என்று குடும்பம் கருதினால் அவரை அழைக்காமல் இருப்பதுதான் சரி.

கால்பந்து மைதானத்துல மௌனத்துக்குப் பதிலா ஒரு நிமிஷம் கைதட்டறாங்களே, நாமளும் செய்யலாமா?

செய்யலாம். மௌன நேரத்தில் எதிரணி ரசிகர்கள் கூச்சலிட்டுக் கெடுப்பதைத் தவிர்க்கவும் இந்த முறை அங்கே உதவியது. 2016 மார்ச்சில் நெதர்லாந்தின் புகழ்பெற்ற கால்பந்து வீரர் யோகன் கிரைஃப் இறந்த மறுநாள், நெதர்லாந்து–பிரான்ஸ் ஆட்டத்தை 14-ஆம் நிமிடத்தில் நிறுத்தி எல்லாரும் கைதட்டினார்கள். 14 அவர் அணிந்த எண். இத்தாலியில் தேவாலயத்திலிருந்து பெட்டியை வெளியே எடுத்து வரும்போது கைதட்டுவது பரவலான வழக்கம்.

நம் கூட்டங்களில் நடிகர், பாடகர், விளையாட்டு வீரர், ஆசிரியர் போன்றவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். வாழ்நாள் முழுக்கக் கைதட்டல் வாங்கியவர்கள் அவர்கள். முடிவில் ஒரே முறை, எல்லாரும் எழுந்து நின்று, நெறியாளர் நிறுத்தும்வரை.

பறைக் கலைஞர் ஒருத்தருக்கு நினைவேந்தல். சீடர்கள் வாசிச்சு முடிச்சதும் கைதட்டலாமா?

தட்டுங்கள். அது குருவுக்கே போய்ச் சேரும். வாசிப்பவர்கள் படத்தைப் பார்த்தபடி நின்று முடிப்பது நன்றாக இருக்கும்.

விபத்துல நிறைய பேர் போயிட்டாங்க. அந்த நினைவுக் கூட்டத்துல என்ன செய்யலாம், என்ன கூடாது?

இங்கே விதி கடுமையாகவே இருக்க வேண்டும். 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அப்படிப்பட்ட சாவுகளில் கொண்டாட எதுவும் இல்லை. கைதட்டல், விசில், வாழ்க கோஷம் எதற்கும் இடமில்லை. மெழுகுவத்தி, மலர், மௌனம், பெயர் வாசிப்பு போதும்.

பெயர் வாசிப்பில் அவசரம் கூடாது. ஒரு பெயருக்கு ஐந்து வினாடி கொடுத்தால் 94 பெயருக்கு ஏறக்குறைய எட்டு நிமிடம் ஆகும். நிகழ்ச்சி நிரலில் அந்த நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பெயர்களின் உச்சரிப்பைக் குடும்பங்களிடம் சரிபாருங்கள், இரண்டு பேர் மாறி மாறி வாசித்தால் குரல் தளராது. மீட்புப் பணி செய்தவர்களைப் பாராட்ட விரும்பினால் அதை வேறொரு நாளில் வையுங்கள். ஒரே மேடையில் வைத்தால் பிள்ளையை மீட்க முடியாமல் போன பெற்றோர் அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரிடும்.

மேடையிலேயே நிதி உதவி, மணிமண்டபம்னு அறிவிச்சா கைதட்டாம எப்படி இருக்கறது?

சிலையும் மணிமண்டபமும் இறந்தவருக்கான சிறப்பு, தட்டலாம். நிதி உதவிக்குத் தட்டுவது வேறு. கணவனை இழந்தவர் மேடையில் நின்று காசோலை வாங்கும்போது எழும் கரவொலி, கொடுப்பவருக்குத்தான் போகிறது. வாங்குகிறவர் கூசி நிற்கிறார். காசோலையை வீட்டில் கொடுங்கள். மேடையில் அறிவித்தே ஆக வேண்டுமென்றால் தொகையையும் பெயரையும் சொல்லாமல், “குடும்பத்துக்குத் துணையாக இருப்போம்” என்று மட்டும் சொல்லலாம்.

ஈழத் தமிழர் நினைவு நாட்கள்ல எப்படி நடந்துக்கணும்?

நவம்பர் 27 மாவீரர் நாள் நிகழ்வுகளில் மாலை 6.05-க்கு மணி ஒலித்து, அகவணக்கம் (மௌன அஞ்சலி) செலுத்தி, சுடர் ஏற்றுவார்கள். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவேந்தலில் சுடரும் அகவணக்கமும் கஞ்சியும் இருக்கும். வந்திருப்பவர்களில் பலர் சொந்தப் பிள்ளையை, உடன்பிறந்தவரை இழந்தவர்கள். சுடர் ஏற்றும் பகுதியில் கைதட்டல் அறவே கூடாது. அதன் பின் நடக்கும் உரைகளில் கைதட்டுவது இடத்துக்கு இடம் மாறும்; அங்குள்ள மூத்தவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்று பேசுகிறவர்கள் நம்மூர் மேடை வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

குடும்பத்துலயே மகன் ‘ஆரவாரமா நடத்தணும்’ங்கறார், மனைவி ‘வேண்டாம்’ங்கறார். யார் பேச்சைக் கேக்கறது?

வேண்டாம் என்பவர் பேச்சை. கைதட்டல் இல்லாமல் போனதால் மகனுக்கு ஒரு மனக்குறை வரலாம். கைதட்டல் எழுந்தால் மனைவிக்கு அந்த நாள் முழுக்க வலியாகும். இரண்டும் ஒரே எடை இல்லை.

நடைமுறையில் நேரத்தைப் பிரித்துத் தீர்க்கலாம். மனைவி அமர்ந்திருக்கும் முதல் பகுதியில் மௌனம், படத்திறப்பு, இரண்டு உரைகள். அதன்பின் அவர் விரும்பினால் வீட்டுக்குப் போகலாம் என்று முன்பே சொல்லி, வாகனத்தையும் துணைக்கு ஒருவரையும் தயாராக வையுங்கள். பிறகு நண்பர்கள், பறை, முழக்கம். இந்த ஏற்பாட்டை இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகு அழைப்பிதழை அச்சுக்குக் கொடுங்கள்.